கண்ணனுக்கு முன்னால் கணேசன்: சில ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிகளை உரசிப் பார்த்ததில்

கிட்ஹப் தளத்தில் எத்தனை நட்சத்திரம் என்று பார்த்து லைப்ரரி (நம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்பு) பொறுக்குவதை எப்போதோ விட்டுவிட்டேன். நான் எழுதுவது சின்னக் கடைகளுக்கான பில்லிங், ஸ்டாக் மென்பொருள். கவுன்ட்டரில் ஒரு பழைய விண்டோஸ் இருக்கும், முதலாளி வீட்டில் மேக், கணக்குப் பார்க்கிறவரிடம் லினக்ஸ், எல்லார் கையிலும் ஆண்ட்ராய்டு. ஒரே நிரல் இத்தனை இடத்திலும் ஓடியாக வேண்டும், அதுவும் தமிழில். அதனால் எந்த லைப்ரரி வந்தாலும் டெமோவைப் பார்த்து மயங்குவதற்கு முன்னால் தமிழைக் கொடுத்துப் பார்ப்பேன். 'கொ'வும் 'ஸ்ரீ'யும் ஒழுங்காகத் தெரிகிறதா, 'கணக்கு' என்று பெயர் வைத்த ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபைலைத் திறக்கிறதா, பெயர்களை அகராதி வரிசையில் அடுக்குகிறதா, தமிழ்99 விசைப்பலகையில் அடித்தால் எழுத்து வந்து சேர்கிறதா. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் எல்லா லைப்ரரியும் நல்ல பிள்ளைதான். இந்த நாலைக் கேட்டால்தான் அது ஒவ்வொரு இயங்குதளத்தின் விளிம்பிலும் எப்படி நடந்துகொள்கிறது என்பது வெளியே வரும். இங்கே சொல்வது பெரும்பாலும் சி, சி++ பக்கத்துச் சரக்கு. மற்ற மொழிக்காரர்களுக்கும் பாதி பொருந்தும், ஏனென்றால் அவர்களுடைய லைப்ரரிகளுக்கு அடியிலும் பல சமயம் இவையேதான் இருக்கின்றன.

முதலில் எஸ்க்யூலைட், நிரலுக்குள்ளேயே குடியிருக்கும் டேட்டாபேஸ். இதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள், இருக்கிறது. ரிச்சர்ட் ஹிப் 2000-இல் தொடங்கியது, அமெரிக்கக் கடற்படைக் கப்பலுக்கான ஒரு மென்பொருள் வேலையில் இருந்தபோது தனியாக ஒரு டேட்டாபேஸ் சர்வர் ஓடாமலே வேலை நடக்க வேண்டும் என்று யோசித்ததில் பிறந்தது. இன்று ஒவ்வொரு ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும் இருக்கிறது. மொத்தத்தையும் ஒரே ஒரு சி ஃபைலாகத் தருகிறார்கள். அதை ப்ராஜெக்ட்டில் போட்டு கம்பைல் செய்தால் முடிந்தது, எந்த கம்பைலரும் மூக்கைச் சுளிப்பதில்லை. விண்டோஸில் எழுதிய டேட்டாபேஸ் ஃபைலை அப்படியே ஆண்ட்ராய்டுக்குத் தூக்கிப்போனால் ஓடும். 2004-இல் வந்த 3.0 பதிப்பு எழுதிய ஃபைலை இன்றைய பதிப்பும் படிக்கும். 2050 வரை ஆதரவு தருவதாக அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். லைப்ரரியின் நிரல்வரிகளைப் போல 590 மடங்கு சோதனை நிரல்வரிகள் இருக்கின்றன என்றும் அவர்கள் பக்கத்தில் போட்டிருக்கிறது. லைசென்ஸ் என்று ஒன்றே கிடையாது, பொதுச்சொத்து. ஃபைல் பெயரை யூடிஎஃப்-8 ஆகவே (உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடை பைட்டாக எழுதும் முறை) வாங்கிக்கொள்வதால் 'கணக்கு' ஃபோல்டர் சோதனையில் விண்டோஸிலும் பிரச்சினையே இல்லை.

ஆனால் முழுமதிப்பெண் கொடுக்க மாட்டேன். எழுத்துத் தேடலுக்கு அதோடு வருகிற எஃப்டிஎஸ்5 இருக்கிறதே, அதன் இயல்பான சொல்பிரிப்பான் எழுத்து, எண் என்று யூனிகோட் வகைப்படுத்தியவற்றை மட்டுமே சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். நம்முடைய கொம்பும் காலும் புள்ளியும் யூனிகோட் கணக்கில் 'எழுத்து' அல்ல, 'ஒட்டு' வகை. அதனால் 'தமிழ்' என்று கொடுத்தால் அது 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாக வெட்டி வைத்துக்கொள்ளும். தேடினால் ஏதோ கிடைத்த மாதிரி இருக்கும், ஏனென்றால் தேடும் சொல்லையும் அதே மாதிரிதான் வெட்டுகிறது; ஆனால் 'தம், ழ' என்று சம்பந்தமில்லாமல் எழுதியிருக்கிற வரியும் அதே துண்டுகளாகிப் பக்கத்தில் வந்து நிற்கும். இதற்கு மருந்து இருக்கிறது. டேபிள் உருவாக்கும்போது சொல்பிரிப்பானுக்கு 'கேட்டகரீஸ்' என்கிற விருப்பத்தில் எழுத்து, எண் வகைகளோடு எம்என், எம்சி என்கிற இரண்டு ஒட்டு வகைகளையும் சேர்த்துவிட்டால் சொல் முழுசாக நிற்கும். ஆவணத்தில் ஒரு மூலையில் இருக்கிறது. தமிழுக்கு மட்டுமல்ல, இந்தி, மலையாளம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான், ஆனால் இணையத்தில் பார்க்கிற எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலும் யாரும் இதைப் போடுவதில்லை. இன்னும் இரண்டு விஷயம்: வேறு டேபிளோடு உள்ள தொடர்பைச் சரிபார்க்கும் ஃபாரின் கீ சோதனை இயல்பாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு இணைப்பிலும் நாம்தான் போட வேண்டும், வால் (WAL, மாற்றங்களை முதலில் தனிப் பதிவு ஃபைலில் எழுதுவது) முறையில் வைத்த டேட்டாபேஸை நெட்வொர்க் ஃபோல்டரில் வைத்து இரண்டு கணினி பகிர்ந்துகொள்ள முடியாது. கடைக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வியே அதுதான் என்பதால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

அப்புறம் வரிசை. எஸ்க்யூலைட் இயல்பாக அடுக்குவது பைட் வரிசையில், அதாவது யூனிகோட் குறியெண் வரிசையில். யூனிகோடில் தமிழ் எழுத்துகள் நம் நெடுங்கணக்கு வரிசையில் இல்லை. ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ல-வுக்கு அடுத்து ளவும் ழவும் வந்து அப்புறம்தான் வ, சவுக்கும் ஞவுக்கும் நடுவில் ஜ. புள்ளியோ எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால். விளைவு என்ன என்றால் வாடிக்கையாளர் பட்டியலில் கண்ணனுக்கு முன்னால் கணேசன் வந்து உட்காருவார், கபிலனுக்கு முன்னால் கனிமொழி வருவார். அகராதி பார்த்துப் பழகிய கணக்கப்பிள்ளை அதைப் பார்த்த அடுத்த நிமிடம் 'தம்பி, உங்க சாஃப்ட்வேர்ல தப்பு இருக்கு' என்பார், அவர் சொல்வது சரி.

இதைச் சரிசெய்கிற வேலை ஐசியுவுடையது. யூனிகோட் கூட்டமைப்பே 2016-இலிருந்து பராமரிக்கிற லைப்ரரி, அதற்கு முன் ஐபிஎம் கையில் இருந்தது. எந்த மொழிக்கு எந்த வரிசை, தேதி எப்படி எழுதுவது, எண்ணில் எங்கே காற்புள்ளி வைப்பது, இப்படி உலக மொழிகளின் சம்பிரதாயங்களை எல்லாம் மூட்டை கட்டி வைத்திருக்கிறது. லட்சம், கோடி முறையில் காற்புள்ளி வைப்பதைக்கூட நாம் எழுத வேண்டாம், இந்தியத் தமிழ் என்று சொன்னால் 12,34,567 என்றே தருகிறது. தமிழுக்கான வரிசை விதிகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன. எஸ்க்யூலைட்டோடு இதைச் சேர்த்து பில்ட் செய்யவும் வழி உண்டு. குறை என்றால் உடம்புதான், தரவு ஃபைல் மட்டும் 25 எம்பிக்கு மேல் போகும். தேவையான மொழிகளை மட்டும் வைத்துக்கொண்டு வடிகட்டி பில்ட் செய்யலாம், ஆனால் அந்த பில்ட் முறையைக் கற்றுக்கொள்வதற்குப் பொறுமை வேண்டும். புதிய விண்டோஸ் 10, 11 என்றால் இயங்குதளத்தோடே ஐசியு வருகிறது, சுமக்க வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை: ஐசியு வரிசையில் இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் வரிசைப் பட்டியல்) போட்ட டேபிளை வேறொரு பொதுவான டேட்டாபேஸ் கருவியில் திறந்தால் அந்த வரிசையே தெரியாது என்று சண்டை போடும். ஐசியு பதிப்பு மாறினால் வரிசையும் லேசாக மாறக்கூடும், அப்போது இண்டெக்ஸை மறுபடி கட்ட வேண்டும். வெறும் பெயர் வரிசைக்காக மட்டும் என்றால் நான் ஐசியுவைச் சேர்க்காமல், ஒரு நாற்பது ஐம்பது வரியில் தமிழ் வரிசை ஒப்பீட்டை நானே எழுதி எஸ்க்யூலைட்டில் பதிந்து விடுகிறேன். அதற்கு அது கதவைத் திறந்தே வைத்திருக்கிறது, அந்த விஷயத்தில் எஸ்க்யூலைட்டைப் பாராட்டியாக வேண்டும்.

திரையில் எழுத்து தெரிவதற்கு வருவோம், இதுதான் பெரிய இடறல். தமிழில் 'கெ' என்று சேமிக்கும்போது முதலில் க, அப்புறம் கொம்பு. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். 'கொ' என்றால் ஒரு குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். 'கு'வும் 'கூ'வும் புது வடிவமே எடுக்கின்றன. இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ். பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் முன்னின்று வளர்த்தது, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு, லிப்ரேஆஃபீஸ் எல்லாவற்றுக்குள்ளும் இதுதான் எழுத்தைக் கோர்க்கிறது. நீங்கள் இந்தத் திரையில் இதைப் படிக்கிறீர்கள் என்றால் பெரும்பாலும் அதன் உபயம்தான். எழுத்துருவையும் ஒரு வரியையும் கொடுத்தால் எந்த வடிவத்தை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று சொல்லித் தரும், அவ்வளவுதான் அதன் வேலை. வரி எங்கே மடிய வேண்டும், எழுத்துருவில் இல்லாத எழுத்துக்கு வேறு எழுத்துரு எது, இதெல்லாம் தன் வேலையில்லை என்று ஆவணத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறது. இப்படித் தன் எல்லையை முதலிலேயே சொல்கிற லைப்ரரி மேல் எனக்குத் தனி மரியாதை. வடிவத்தைப் படமாக்க ஃப்ரீடைப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள், எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழைக் கூடவே கட்டி அனுப்புங்கள், விண்டோஸில் நிர்மலா இருக்கிறதா லதா இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இங்கேதான் பல பிரபல லைப்ரரிகள் கவிழ்கின்றன. ஷான் பாரெட் எழுதிய எஸ்டிபி தொகுப்பில் ஒரு ஹெடர் ஃபைலில் எழுத்துருவைப் படமாக்கித் தரும் ஒன்று இருக்கிறது, விளையாட்டு எழுதுகிறவர்களுக்கு அது செல்லப்பிள்ளை. ஆனால் கோர்க்கத் தெரியாது, எழுத்து எழுத்தாக எடுத்து வரிசையாக வைக்கும். நம்பகமில்லாத எழுத்துருவைக் கொடுக்காதீர்கள் என்று அதன் ஃபைலின் தலையிலேயே எழுதியிருக்கிறது, பலரும் படிப்பதில்லை. ஓமர் கோர்னு 2014-இல் வெளியிட்ட டியர் இம்குயியும் அதே கட்சிதான். கருவிகள் எழுத, உள்ளே நடப்பதைப் பார்க்க, ஸ்லைடரை இழுத்துப் பார்க்க அதைப் போல வேகமாக வேலை முடிகிற ஒன்று கிடையாது. ஒரு மதிய நேரத்தில் முழுக் கண்ட்ரோல் பேனலையே கட்டிவிடலாம். எனக்கு மட்டும் தெரியும் பிழைதிருத்தும் திரைகளை இன்றும் அதில்தான் எழுதுகிறேன். வாடிக்கையாளர் பார்க்கும் திரைக்கு மட்டும் வேண்டாம். தமிழில் 'கொடுக்கல் வாங்கல்' என்று எழுதினால் கொம்பும் காலும் தனித்தனியாக எங்கேயோ தொங்கும். கோர்ப்பு வேலை அதன் இலக்கிலேயே இல்லை, அதனால் திட்டிப் பயனில்லை. தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள்.

இன்னொரு சின்ன விஷயம், கர்சர். 'ஸ்ரீ' என்பது பார்வைக்கு ஒரே எழுத்து. உள்ளே நான்கு குறியெண், யூடிஎஃப்-8 ஆக 12 பைட். ஐசியுவிடம் எத்தனை எழுத்து என்று கேட்டால் இரண்டு என்று சொல்லும், யூனிகோடின் பொது விதி தமிழுக்கு அப்படித்தான் இருக்கிறது. க்ஷவுக்கும் அப்படியே. ஆக, விதிப்படி ஓடும் கர்சர் அந்த எழுத்தின் நடுவில் ஒருமுறை நிற்கும். பேக்ஸ்பேஸ் எதை அழிக்க வேண்டும் என்பது தனிப் பஞ்சாயத்து. அதற்கு நல்ல பதில் தருகிற லைப்ரரி எதையும் நான் பார்க்கவில்லை.

ஜன்னல், விசைப்பலகை, ஒலியைக் கவனிக்கும் எஸ்டிஎல்லைப் பற்றி நிறையச் சொல்லலாம். சாம் லான்டிங்கா 1998-இல் தொடங்கியது, விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸுக்குக் கொண்டுவரும் வேலையில் அது கை கொடுத்தது. இரண்டாம் பதிப்பு 2013-இல் வந்தது, மூன்றாவது 2025 ஜனவரியில் நிலையான பதிப்பாக வெளிவந்தது. 'இது விளையாட்டுக்கானது, நமக்கெதற்கு' என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் ஜன்னல் திற, விசைப்பலகையைக் கேள், ஒலி எழுப்பு, பயனரின் தரவை எந்த ஃபோல்டரில் வைப்பது என்று சொல், இந்த நான்கையும் எல்லா இயங்குதளத்திலும் ஒரே மாதிரி செய்து தருவதில் இதற்கு ஈடு குறைவு. குறிப்பாக அந்தக் கடைசி விஷயம். விண்டோஸில் ஒரு இடம், மேக்கில் வேறு இடம், லினக்ஸில் மறைந்த ஃபோல்டர் என்று தேடி அலைய வேண்டாம், ஒரு அழைப்பில் பாதையைக் கையில் கொடுத்துவிடுகிறது. அதுவும் யூடிஎஃப்-8 ஆக. ஃபைலைத் திறக்கவும் அதன் அழைப்பையே பயன்படுத்தினால் விண்டோஸில் 'முருகன்' என்று பயனர் பெயர் வைத்த கணினியிலும் ஓடும். சி-யின் சாதாரண எஃப்ஓப்பன் அங்கே தடுமாறும், ஏனென்றால் விண்டோஸில் அது பழைய கோட் பேஜில் (யூனிகோடுக்கு முந்தைய எழுத்து அட்டவணை) பெயரைப் படிக்கிறது. விண்டோஸ் 10-இன் 1903 பதிப்புக்கு மேல் நிரலின் மேனிஃபெஸ்டில் (அதன் விவரக் குறிப்பு ஃபைல்) யூடிஎஃப்-8 என்று ஒரு வரி போட்டுத் தப்பிக்கலாம், பழையதில் அதுவும் இல்லை. எஸ்டிபியின் படம் படிக்கும் லைப்ரரிக்கும் இதே நோய், அதற்கென்று ஒரு மேக்ரோ வைத்திருக்கிறார்கள், போட்டால் சரியாகிவிடும்.

தமிழ்99-இல் அடிப்பதற்கு எஸ்டிஎல்லில் ஒரு ஒழுக்கம் வேண்டும். விசை அழுத்தப்பட்டது என்கிற நிகழ்வை வைத்து எழுத்து சேர்க்கக்கூடாது, எழுத்து வந்தது என்கிற தனி நிகழ்வு இருக்கிறது, அதில் முழு யூடிஎஃப்-8 சரம் வரும். பாதி தட்டிக்கொண்டிருக்கும் நிலைக்கும் தனி நிகழ்வு உண்டு. மூன்றாம் பதிப்பில் இதைத் தொடங்கு என்று நாமே சொன்னால்தான் வரும், இரண்டாம் பதிப்பில் டெஸ்க்டாப்பில் தானாகவே ஓடிக்கொண்டிருந்தது. பழைய நிரலை மாற்றியவர்கள் 'எழுத்தே வரவில்லை' என்று கூச்சல் போடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். எழுத்தைத் திரையில் காட்ட எஸ்டிஎல் டிடிஎஃப் என்று துணை லைப்ரரி உண்டு, அதை ஹார்ஃப்பஸ் சேர்த்து பில்ட் செய்திருக்கிறார்களா என்று பார்த்து எடுங்கள். சேர்க்காத பில்டில் மறுபடி கொம்பு ஊசலாடும். லைசென்ஸ் ஸ்லிப் மாதிரி சின்னது, இரண்டாம் பதிப்பிலிருந்து ஸீலிப் லைசென்ஸ்தான், நிரலோடு நேரடியாகக் கோர்த்து விற்றாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

பொத்தான், பட்டியல், அட்டவணை, பிரின்ட் எல்லாம் வேண்டும் என்றால் க்யூட்டி (Qt) டூல்கிட்தான். நார்வேயில் 1990-களில் ஆரம்பித்தது, நோக்கியா வாங்கி, டிஜியாவுக்குக் கைமாறி, இப்போது தனி நிறுவனம். என் நாலு தமிழ்ச் சோதனையிலும் பெரிதாகக் கை வைக்காமலே தேறுகிற ஒரே பெரிய டூல்கிட் இதுதான் என்று தைரியமாகச் சொல்வேன். உள்ளே ஹார்ஃப்பஸ் இருக்கிறது, பாதைகளெல்லாம் யூனிகோட், மொழிக்கேற்ற வரிசைக்குத் தனி வகுப்பு இருக்கிறது (ஆனால் பட்டியலில் அதைப் பயன்படுத்தச் சொல்லி ஒரு வரி எழுத வேண்டும், இல்லையென்றால் மறுபடி கணேசன் முன்னால் வந்துவிடுவார்). ஆவணம் அருமை. அப்படியானால் ஏன் எல்லோரும் அதற்கே போவதில்லை? லைசென்ஸ். பெரும்பகுதி எல்ஜிபிஎல், அதாவது மூடிய நிரலிலும் பயன்படுத்தலாம், ஆனால் பயனர் க்யூட்டியை மட்டும் மாற்றிப்போட முடிகிற மாதிரி தனி டிஎல்எல்லாக வைத்து, உரிம வாசகங்களைக் கூடவே கொடுக்க வேண்டும். டெஸ்க்டாப்பில் இது கஷ்டமே இல்லை, பயந்துகொண்டு விலகுகிறவர்கள் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். ஐஃபோனில்தான் தலைவலி. சார்ட் போன்ற சில துண்டுகள் எல்ஜிபிஎல் அல்ல, ஜிபிஎல் (சேர்த்த நிரலின் மூலத்தையும் திறந்து தரச் சொல்லும் உரிமம்) மட்டும். அதைக் கவனிக்காமல் சேர்த்தால் மொத்த நிரலும் மாட்டும். 2021-இல் 5.15-இன் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளைக் காசு கட்டுகிறவர்களுக்கு முதலில் என்று ஒதுக்கினார்கள், லினக்ஸ் டெஸ்க்டாப் எழுதும் கேடிஇ குழு அதற்குத் தானே ஒரு திருத்தத் தொகுப்பை வைத்து ஓட்டியது. இலவசப் பதிப்பே நின்றுபோனால் என்ன செய்வது என்ற பயத்துக்கு 1998-இலிருந்தே ஒரு அறக்கட்டளை ஒப்பந்தம் இருக்கிறது: 12 மாதம் இலவச வெளியீடு வராவிட்டால் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டுவிடலாம். இந்த ஒப்பந்தம் இருக்கிற தைரியத்தில்தான் நான் அதில் இருக்கிறேன்.

டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. 1992-இல் எடின்பரோவில் ஜூலியன் ஸ்மார்ட் தொடங்கியது, ஃபைல்ஸில்லா, கீகேட் எல்லாம் இதில்தான். அந்தந்த இயங்குதளத்தின் சொந்தப் பொத்தான்களையே எடுத்துக்கொள்வதால் தமிழ் தெரிவதில் பிரச்சினை குறைவு, லைசென்ஸ் தாராளம். தோற்றம் பழசாக இருக்கும், கடைக்காரர்கள் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. எனக்குப் பிடிக்கும், ஆனால் மொபைலுக்கு அது வழியல்ல.

எலக்ட்ரான், டாரி, ஃப்ளட்டர் என்கிற திரை கட்டும் கருவிகள் மூன்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரான் முழு குரோமியம் உலாவியையே கட்டிக்கொண்டு வருவதால் தமிழ் அட்டகாசமாக வரும், வரிசைகூட ஒரு வரியில் சரியாகும். ஆனால் ஒரு பில் போடுகிற நிரல் 100 எம்பிக்கு மேல் இருப்பதும், 4 ஜிபி ராம் கணினியில் அது மூச்சு வாங்குவதும் எனக்குச் சகிக்கவில்லை. டாரி ரஸ்டில் எழுதியது, இயங்குதளத்தில் ஏற்கெனவே இருக்கும் வெப்வியூவை (இணையப் பக்கம் காட்டும் பகுதி) பயன்படுத்துவதால் சில எம்பியில் முடிந்துவிடும், 2024 அக்டோபரில் வந்த 2.0-வில் மொபைலும் சேர்ந்தது. விலை என்னவென்றால் விண்டோஸில் ஒரு எஞ்சின், மேக்கில் ஒன்று, லினக்ஸில் வெப்கிட்ஜிடிகே என்று மூன்று இடத்திலும் சோதித்தாக வேண்டும். ஃப்ளட்டர் மொபைலில் நன்று, எழுத்துக் கோர்ப்பு சுத்தம். டார்ட் மொழியின் சாதாரணச் சர ஒப்பீடு குறியெண் வரிசைதான், எனவே பெயர்ப்பட்டியலுக்கு அங்கேயும் சொந்த ஒப்பீடு எழுத வேண்டும்.

இணையத்துக்கு லிப்கர்ல், வேறு பேச்சே இல்லை. ஸ்வீடனின் டேனியல் ஸ்டென்பெர்க் 1998-இலிருந்து விடாமல் ஓட்டிவருகிறார். 2006-க்குப் பிறகு லைப்ரரியின் ஏபிஐயை (மற்ற நிரல்கள் அதோடு ஒட்டிக்கொள்ளும் இடைமுகம்) உடைத்ததே இல்லை. அன்று எழுதிய நிரல் இன்றைய பதிப்போடு ஓடும். இந்த ஒழுக்கம் எத்தனை பேருக்கு இருக்கிறது? சில விஷயம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். மொத்த நேரத்துக்கு வரம்பு இயல்பாக இல்லவே இல்லை, இணைப்புக்கு மட்டும் 300 விநாடி. பிராட்பேண்ட் மக்கர் செய்யும் ஊரில் இதை அப்படியே விட்டால் திரை உறைந்துபோய் நிற்கும், கட்டாயம் நீங்களே நேரம் வையுங்கள். சான்றிதழ் விஷயம் இன்னொன்று. விண்டோஸில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்கிற குறியாக்க லைப்ரரியோடு பில்ட் செய்தால் எந்தச் சான்றிதழை நம்புவது என்று அதற்குத் தெரியாது, ஃபைலைக் கூடவே கொடுக்க வேண்டும் அல்லது விண்டோஸின் கிடங்கைப் பார்க்கச் சொல்ல வேண்டும். சுலப வழி, விண்டோஸுக்கு எஸ்சேனல் என்கிற அதன் சொந்தப் பாதுகாப்பு அடுக்கோடு பில்ட் செய்வது. தயவுசெய்து சரிபார்ப்பையே அணைத்துவிட்டு 'இப்போ ஓடுது' என்று சந்தோஷப்படாதீர்கள், மன்றங்களில் பாதிப் பேர் தரும் பதில் அதுதான். அப்புறம் '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று முடியும் தமிழ் முகவரிகளுக்குப் போக வேண்டுமென்றால் ஐடிஎன் வசதியோடு பில்ட் ஆகியிருக்க வேண்டும். கர்ல் கட்டளையின் பதிப்பு விவரத்தைக் கேட்டால் வசதிகள் பட்டியலில் அது இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஜேசனுக்கு (நிரல்கள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் எழுத்து வடிவம்) நீல்ஸ் லோமனின் ஒற்றை ஹெடர் லைப்ரரியைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள், நானும்தான். எழுதச் சுகம், கம்பைல் ஆக நேரம் எடுக்கும். யூடிஎஃப்-8 உடைந்திருந்தால் எழுத்தாக வெளியேற்றும்போது எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) வீசும், அது நல்லதுதான். தமிழ் எழுத்தின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். ரசீதில் இடம் போதவில்லை என்று பொருளின் பெயரை 40 பைட்டில் வெட்டினால் நடுக்குறியில் வெட்டு விழும், ஜேசனாக்கும்போது நிரல் கவிழும். ஆங்கிலப் பெயரில் எந்தக் காலத்திலும் வராத பிழை இது, அதனால்தான் வெளியூர்க்காரர்கள் எழுதிய எடுத்துக்காட்டுகளில் இதற்குப் பாதுகாப்பே இருக்காது. உடைந்ததை மாற்றுக்குறியால் நிரப்பு என்று சொல்லவும் ஒரு விருப்பம் இருக்கிறது. ஆனால் சரியான வழி வெட்டும் இடத்தை எழுத்தெல்லையில் வைப்பதுதான், யூடிஎஃப்8ப்ராக் என்கிற சின்ன லைப்ரரி இந்த ஒரு வேலைக்குப் போதும், ஐசியுவைத் தூக்க வேண்டியதில்லை. ராபிட்ஜேசன் வேகமானது, ஆனால் 1.1.0 என்கிற அதன் வெளியீடு 2016-இலிருந்து அப்படியே நிற்கிறது, புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

யார் பராமரிக்கிறார்கள் என்று பார்ப்பது வெறும் சடங்கு இல்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் சுருக்கு லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு வைத்திருந்தது வெளியானது. களைத்துப்போன ஒரே பராமரிப்பாளரிடம் நல்லவர் போல நம்பிக்கை சம்பாதித்து உள்ளே வந்தவர் செய்த வேலை. லாகின் அரை விநாடி தாமதமாகிறதே என்று ஆன்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் தோண்டியதால்தான் சிக்கியது. அதிலும் கவனிக்க வேண்டியது, அந்தக் கள்ளத்தின் ஒரு பகுதி வெளியீட்டு மூட்டையில் மட்டும் இருந்தது, நிரல் மாற்றங்களைப் பதியும் கிட் களஞ்சியத்தில் இல்லை. அதன் பிறகு நான் எல்லா லைப்ரரியையும் விசிபிகேஜி என்கிற லைப்ரரி இறக்கும் கருவி வழியாக, பதிப்பைப் பூட்டி வைத்துத்தான் எடுக்கிறேன். பேஸ்லைன் என்று ஒரு கமிட் எண்ணை மேனிஃபெஸ்டில் போட்டுவிட்டால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அதே பதிப்புகள் இறங்கும், சீமேக் என்கிற பில்ட் கருவியோடு ஒட்டிக்கொள்ளும், ஐசியுவோடா ஐசியு இல்லாமலா என்பதையெல்லாம் அந்த ஃபைலிலேயே சொல்லலாம். முதல் பில்டுக்கு நேரம் தின்னும். க்யூட்டியை மட்டும் அதில் கேட்காதீர்கள், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போக வேண்டியதுதான். அதற்கு அவர்களுடைய இன்ஸ்டாலரே மேல்.